ஓரம் அடிக்காத சட்டை

டாக்டர் பொங்கியண்ணனுக்கு அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு குரு வாய்த்தாள். குருவுக்கு வயது முப்பத்தொன்பது.

சிரிப்பு வருகிறதா? அவருக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் ஈரோட்டுப் பக்கம். முப்பத்தைந்து வருஷம் அறுவை சிகிச்சை செய்தவர். எத்தனை வயிறு திறந்திருப்பீர்கள் என்று யாராவது கேட்டால், "திறந்ததை விடுங்க, அத்தனையையும் மூடியிருக்கேன்" என்பார். ஓய்வு பெற்ற மறுமாதமே மகள் வந்து, ஐரோப்பாவில் ஏரிக்கரை நகரம் ஒன்றில் இருந்த தன் வீட்டுக்கு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போன இடத்தில் எல்லாம் சௌகரியம்தான். கைகளுக்குத்தான் வேலை இல்லை. வேறு வழியில்லாமல் பீன்ஸ் நறுக்கினார். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. மனைவி தெய்வானை தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பொரியலுக்கு நறுக்கறீங்களா, பரீட்சைக்கு நறுக்கறீங்களா?"

"கை செத்துப்போன மாதிரி இருக்குது தெய்வானை" என்றார் அவர். தெய்வானை அதற்கு மேல் கேலி பண்ணவில்லை.

ஒரு மழை நாளில் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனவர், நனையாமல் இருக்க ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தார். மூன்றாவது மாடி. கதவைத் தள்ளியதும் அப்படியே நின்றுவிட்டார்.

அடேயப்பா!

கூடம் முழுக்க அங்கிகள். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, ஆளில்லாமல் நின்றன. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் அந்த நகரத்து வியாபாரி ஒருவர் மத்திய ஆசியாவில் புகாரா வரைக்கும் போய், அங்கிருந்து பாலைவனம் தாண்டிப் போய், இருநூற்றுப் பதினேழு உடுப்புகளைக் கொண்டுவந்தாராம். சிவப்பு மஞ்சளுக்குள் கசிந்து, மஞ்சள் நீலத்துக்குள் கசிந்து, எந்த நிறம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாத பட்டுகள். அந்த ஊர்க்காரர்கள் அந்தத் துணிக்கு மேகம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. வைக்காமல் என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கூடத்தின் கடைசியில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே குனிந்து உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது பிறை மாதிரி வளைந்த ஊசி. அது டாக்டருடைய ஊசி. வயிற்றுக்குள் போட்டுத் திருப்பி எடுக்கிற அதே ஊசி.

மரியாதை தெரிந்த மனுஷன், கண்ணாடியைத் தட்டிவிட்டார்.

அவள் வெளியே வந்தாள். பேர் ஓகுல்நபாத். துருக்மெனிஸ்தான்காரி. அந்த நாட்டிலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இந்த உடுப்புகளைப் பார்த்துக்கொள்பவள். இருவருக்கும் சொந்தமில்லாத, டாக்டர் வந்த புதிதில் வகுப்புக்குப் போய் அரைகுறையாகக் கற்ற ஜெர்மன் மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். நான் அதை நம் வாய்க்குத் தகுந்தபடி சொல்கிறேன்.

"எனக்கு இந்த வேலை கத்துக்குடுங்க" என்றார் டாக்டர்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"மனுசங்களைத் தைச்சேன்."

"மனுசங்களுக்கு வலிச்சா கத்துவாங்க. இதுங்க கத்தாது. அதனால ரொம்பக் கஷ்டம்."

"மயக்க மருந்து குடுத்தப்புறம் மனுசங்களும் கத்த மாட்டாங்கம்மணி."

அவள் சிரித்துவிட்டாள். அம்மணி என்றால் என்ன என்று கேட்டாள். மரியாதை என்றார். இருக்கட்டும் என்றாள்.

மறுவாரம் அவர் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. தன்னார்வலர். அதைக் கொடுக்கும்போது நபாத் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் சொல்லாம எந்த உடுப்பு மேலயும் கை வைக்கக் கூடாது. வெச்சா அட்டையைத் திருப்பி வாங்கிடுவாங்க. அப்புறம் இந்தக் கதவு திறக்காது. இது என் சட்டம் இல்லை, மியூசியத்துச் சட்டம்."

"கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்களே" என்றார் டாக்டர்.

ஏழு மாதம் போயிற்று. அவர் காகிதம் சுருட்டினார். அங்கி மடியும் இடத்தில் தடம் விழாமல் இருக்க உள்ளே வைக்கிற மெல்லிய காகிதம் அது. மாட்டுகிற கட்டைகளுக்குப் பஞ்சு சுற்றினார். வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று காலையும் மாலையும் எழுதினார். கை மட்டும் உள்ளுக்குள் நமைத்துக்கொண்டே இருந்தது.

"எப்பங்க அம்மணி ஊசி குடுப்பீங்க?"

நபாத் ஒரு பெரிய இழுப்பறையை இழுத்தாள். உள்ளே ஓர் அரசவை அங்கி. துணியே தெரியாத அளவுக்குப் பொன் சரிகை.

"என்ன தெரியுது?"

"தங்கம்."

அவள் கையுறை போட்ட விரலால் முனையை லேசாகத் தூக்கி உள்பக்கத்தைக் காட்டினாள். சாதாரணப் பருத்தி. ரோஜாப்பூ அச்சு ஒரு துண்டு, கட்டம் போட்டது ஒரு துண்டு, இன்னொரு துண்டில் பச்சைக் கொடி. அத்தனையும் கவனமாகப் பொருத்திப் பொருத்தித் தைத்திருந்தது.

"இதை யார் பார்ப்பாங்க?" என்றார் டாக்டர்.

"யாரும் பார்க்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இத்தனை பூ?"

"உடம்போட ஒட்டி இருக்கறது இந்தப் பக்கம்தானே."

டாக்டர் அந்த ரோஜாக்களை வெகுநேரம் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் உள்பக்கத்தையே பார்த்த ஆள். அங்கே பூ இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொரு நாள் ஒரு மஞ்சள் மேலங்கியைக் காட்டினாள். நாற்பது தாண்டிய பெண்கள் தலைமேல் போட்டுக்கொள்வது. வெள்ளை நிறம் இன்னும் வயதானவர்களுக்கு. மேலிருந்து கீழ்வரை டூலிப் பூக்கள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. முதுகுப் பக்கம் இரண்டு கைகள் தொங்கின. நீளமாக, குறுகலாக, நுனியில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து. ஒரு விரல்கூட உள்ளே போகாது.

"தையக்காரன் தப்புப் பண்ணிட்டானுங்களா?"

"இல்லை. இது ஒரு காலத்துல போட்டுக்கற அங்கியா இருந்தது. அப்புறம் தலைமேல போட ஆரம்பிச்சாங்க. கை அப்படியே தங்கிடுச்சு."

"வேலை இல்லாத உறுப்பு. நாங்களா இருந்தா அறுத்துப் போட்டிருப்போம்."

"அதனாலதான் உங்களுக்கு இன்னும் ஊசி குடுக்கலை" என்றாள் நபாத், இழுப்பறையைத் தள்ளிக்கொண்டே.

எட்டாவது மாதம் கொடுத்தாள்.

ஓர் ஆண் அங்கியின் உள்துணி, கையகலம் கிழிந்திருந்தது. டாக்டர் நாலு நாள் தைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனிதத் தலைமயிரை விட மெலிதான பட்டு நூலில். முடிந்ததும் நபாத் பூதக்கண்ணாடியை இழுத்துவைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"ம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தெய்வானை, இன்னைக்கு ம்னு சொல்லிட்டாங்க!"

"என் ரசத்துக்கு நீங்க சொல்ற ம் மாதிரியா?"

"அது வேற ம். இது வேற ம்."

தெய்வானை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

காலையில் நபாத் ஒரு தட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள். புகைப்படம் எடுப்பதற்காக எடுத்த பெட்டி. காகிதங்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். உள்ளே ஒரு குழந்தைச் சட்டை. ஒரு வயசுப் பிள்ளைக்கு இருக்கும்.

சட்டை முழுக்க ஒட்டுத் துண்டுகள். பட்டு ஒன்று, கம்பளி ஒன்று, யாருடைய பழைய தலைத்துணியோ ஒன்று. தோள்பட்டையில் முக்கோணமாக ஒரு தாயத்து. முதுகில் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய ஒரு கயிறு, பாம்பு மாதிரி வளைத்துத் தைத்திருந்தது.

"நாற்பது துண்டு" என்றாள் நபாத். "ரெண்டு மூணு பிள்ளை போனப்புறம் ஒண்ணு பிறந்தா, தாய் நாற்பது வீட்டுக்குப் போய்த் துணி கேட்டு வாங்குவா. நாற்பது வீட்டுத் துணி போட்ட பிள்ளையை எந்த வீட்டுப் பிள்ளைன்னு சாவு கண்டுபிடிக்கும்?"

டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அம்மணி, எங்க அண்ணன் பேரு குப்பண்ணன்."

"அப்படின்னா?"

"எங்கம்மாளுக்கு முதல் ரெண்டும் தங்கலை. மூணாவது பொறந்ததும் கொண்டுபோய்க் குப்பைமேட்டுல போட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கிட்டா. அவகிட்ட ஒரு முறம் தவிடு குடுத்து எங்கம்மா திருப்பி வாங்குனாங்க. தவுட்டுக்கு வாங்குன புள்ளை, நமக்குச் சொந்தமில்லைன்னு காட்டறதுக்கு. யாருக்குக் காட்டறது? அதேதான், நீங்க சொன்ன அந்த ஆளுக்குத்தான்."

"இருந்தாரா?"

"எண்பத்தொண்ணு ஆச்சு. இப்பவும் தோட்டத்துக்குப் போறார்."

நபாத் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். கண் பளபளத்தது. எங்கோ ஒரு பாலைவனக் கூடாரத்தில் ஒருத்தி, ஈரோட்டுப் பக்கம் ஒருத்தி. ஒருத்திக்கு இன்னொருத்தி இருப்பதே தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஆளை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்குள் மேல்மாடியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஏதோ பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. "வந்துடறேன், பார்த்துக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடம்பைப் படித்த கண் அல்லவா, சட்டையையும் உடம்பாகவே படித்தது. நெஞ்சுப் பக்கம் மங்கலாக ஒரு கறை. பால் கக்கியிருக்கிறது. இடது கை முனை வலதை விடத் தேய்ந்திருந்தது. சப்புகிற பழக்கம். முன்பக்கம் அடித்துணியில் மண்ணேறிய தடம், தவழ்ந்திருக்கிறது. அக்குளில் பின்னாளில் சேர்த்துத் தைத்த ஒரு துண்டு. அட, சட்டை பத்தாமல் போயிருக்கிறது! பிள்ளை வளர்ந்திருக்கிறது! டாக்டருக்குக் காரணமில்லாமல் சந்தோஷம் பொங்கியது. முகம் தெரியாத ஒரு பிள்ளையின் எடை கூடியதற்கு நூற்று நாற்பது வருஷம் கழித்து ஒரு டாக்டர் சந்தோஷப்பட்டார்.

அப்புறம்தான் கீழ் ஓரத்தைப் பார்த்தார்.

ஓரம் மடிக்கவே இல்லை. கத்தரித்த இடம் கத்தரித்தபடியே இருந்தது. நூல்கள் பிசிறு பிசிறாகத் தொங்கின. வெள்ளைக் காகிதத்தின்மேல் ஏற்கெனவே இரண்டு நூல் உதிர்ந்து கிடந்தது. அவர் மூச்சு பட்டு மூன்றாவது ஒன்று அவர் கண்ணெதிரே கழன்று விழுந்தது.

கசிகிற காயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்தக் கைகளுக்குத் தெரியாது. சட்டம் ஞாபகம் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது. கழுத்தில் அட்டையும் தொங்கியது. ஆனால் நபாத் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவ்வளவுதான், ஊசியை எடுத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். ஓரத்தை ஒரு நூலிழை அளவுக்கு மடித்து, பச்சைக் குழந்தை வயிற்றை மூடுவது போலத் தைத்தார். கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை. அவர் வாழ்நாளில் அதைவிட நல்ல தையல் போட்டதில்லை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கைகளைப் பார்த்து, "பரவாயில்லையே, இன்னும் இருக்கீங்களே" என்று தமிழில் சொன்னார்.

நபாத் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மேசைக்கு வந்தாள். குனிந்தாள்.

நிமிரவே இல்லை.

"எத்தனை தையல்?" என்றாள் கடைசியில்.

"நூத்திப் பன்னண்டு" என்றார் அவர், பெருமையாக.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள். அப்புறம் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். டாக்டருக்கு அவள் முகம் சரியாகப் படவில்லை.

"என்னாச்சுங்க அம்மணி?"

"டாக்டர், எங்க பக்கம் பிள்ளைச் சட்டைக்கு ஓரம் அடிக்க மாட்டாங்க."

"ஏன்?"

"அடிச்சா பிள்ளை அதோட நின்னுடும்னு. வளரணும். அதுக்குப் பின்னாடி இன்னும் பிள்ளைங்க வரணும். அதனால கத்தரிச்ச இடத்தை அப்படியே விட்டுடுவாங்க. நான் போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

டாக்டர் சட்டையைப் பார்த்தார். நாற்பது வீட்டு வாசலில் நின்று வாங்கிய துணியை நேர்நேராக வைத்துத் தைத்தவள். அவளுக்கு ஓரம் அடிக்கத் தெரியாதா? தெரிந்துதான் விட்டிருக்கிறாள். அவள் திறந்து வைத்ததைத் தான் மூடிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"ஐயோ" என்றார்.

பிறகு கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சட்டம் சட்டம்தானுங்க. நான் போறேன்." சொல்லும்போது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவற்றை அவள் கண்ணில் காட்டவே அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கதவு மூடினால் இந்தக் கைகளுக்கு மறுபடியும் பீன்ஸ்தான் என்று அவருக்குத் தெரியும்.

நபாத் அட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய் ஒரு மரப்பெட்டியைத் திறந்து, அதிலிருந்து பழுப்பேறிய ஒரு குறிப்புத் தாளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"படிங்க."

"எனக்கு எல்லாம் புரியாதுங்களே."

அவள் விரல் வைத்துப் படித்தாள். முதல் வரி ஊதா மையில், ஜெர்மனில். குழந்தைச் சட்டை. ஓரம் அடிக்கவில்லை. நீளம் நாற்பத்தாறு சென்டிமீட்டர். இரண்டாவது வரி வேறொரு கையெழுத்து, பிரெஞ்சு. முப்பது வருஷம் கழித்து. ஓரம் அடிக்கவில்லை. நாற்பத்து நாலு. மூன்றாவது தட்டச்சு. ஓரம் அடிக்கவில்லை. நாற்பத்திரண்டு. நாலாவது சாய்ந்த சிறு எழுத்து. நாற்பதரை. ஐந்தாவது அவளுடையது, அவள் தாய்மொழியில். ஓரம் அடிக்கவில்லை. முப்பத்தொன்பது.

"இவங்கெல்லாம் யாரு?"

"எனக்கு முன்னாடி இந்த அறையில இருந்தவங்க. எல்லாரும் தைக்கத் தெரிஞ்சவங்க."

"காரணம் தெரியுங்களா அவங்களுக்கு?"

"முதல் ஆளுக்கு யாரோ சொல்லியிருக்கணும். மத்தவங்க அவரு எழுதினதைப் படிச்சாங்க."

தாளோடு ஓர் உறை இருந்தது. அவள் அதன் வாயை விரித்துக் காட்டினாள். உள்ளே நூல்கள். சிவப்பு, நீலம், காவி, வெளுத்துப்போன பச்சை. நூற்று நாற்பது வருஷமாக உதிர்ந்தவை, ஒன்று விடாமல். உறை மெத்தென்று இருந்தது.

ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஐந்து பேர். வெளியே போர் வந்தது, போனது. ராஜாக்கள் போனார்கள். இந்த அறையில் ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து, தரையில் விழுந்த ஒரு நூலை இடுக்கியால் எடுத்து இந்த உறையில் போட்டிருக்கிறார்கள். ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

"பிள்ளை பிழைச்சுதான்னு ஒருத்தர்கூட எழுதலைங்களா?"

"யாருக்கும் தெரியாது டாக்டர்."

நபாத் இடுக்கியையும் சின்னக் கத்தரிக்கோலையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"பிரிங்க."

"நானா?"

"நூத்திப் பன்னண்டும் எங்கெங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் கை வெச்சா நாலு நூல் கூடப் போகும்."

"அட்டை..."

"இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. கழுத்துல மாட்டுங்க. நீங்க தைச்சதையும் மேலிடத்துக்கு எழுதிக் குடுப்பேன், பிரிச்சதையும் எழுதிக் குடுப்பேன்."

"அப்புறம் என்னை விடுவாங்களா?"

"தெரியாது. இன்னைக்கு உள்ள இருக்கீங்க. பிரிங்க."

தைத்தது ஒரு மணி நேரம். பிரிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு தையலாக நறுக்கி, இழுக்காமல், உருவாமல், தானாக வெளியே வரும்வரை காத்திருந்து எடுத்தார். நெற்றி வியர்வையைத் துணிமேல் சொட்டாமல் நபாத் துடைத்துவிட்டாள், பெரிய ஆபரேஷனில் நர்ஸ் துடைப்பதைப் போல.

எழுபத்து மூன்றாவது தையலோடு ஒரு நூல் வந்துவிட்டது. சட்டையின் நூல். சிவப்பு.

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். ஆபரேஷன் மேசையில் உயிர் போனபோதெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்ச் சொந்தக்காரர்களிடம் பேசிய மனுஷன், ஒரு நூலுக்கு அழுதார். நபாத் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் உறையை விரித்துப் பிடித்தாள். அவர் அந்த நூலை எடுத்து உள்ளே விட்டார். காகிதத்தில் உதிர்ந்து கிடந்த மற்ற மூன்றையும் விட்டார். பிறகு எழுபத்து நாலாவதற்குக் குனிந்தார்.

கடைசித் தையல் வந்ததும் பிசிறுகள் மெல்ல விரிந்தன. ஓரம் பழையபடி திறந்துகொண்டது. நபாத் அளவுகோலை வைத்து, தாளையும் பென்சிலையும் அவரிடம் நீட்டினாள்.

"எழுதுங்க."

"நான் ஜெர்மன்ல தப்புத் தப்பா எழுதுவேனுங்க."

"அவங்கவங்க அவங்கவங்க பாஷையிலதானே எழுதியிருக்காங்க."

டாக்டர் பென்சிலை வாங்கினார். ஊதா மைக்கும் தட்டச்சுக்கும் சாய்ந்த எழுத்துக்கும் அவள் எழுத்துக்கும் கீழே தமிழில் எழுதினார். ஓரம் அடிக்கவில்லை. நீளம் முப்பத்தொன்பது சென்டிமீட்டர். என் கையால் ஒரு நூல் குறைவு. பொங்கியண்ணன்.

எழுதிவிட்டு அந்தத் தாளை மேலிருந்து ஒருமுறை பார்த்தார். கணக்குப் போடுகிற புத்தி சும்மா இருக்குமா?

"நூத்தி நாப்பது வருசத்துல ஏழு சென்டிமீட்டர் போயிருக்குது அம்மணி."

"ஆமா."

"இப்படியே போனா இன்னும் எண்ணூறு வருசத்துல ஒண்ணுமே இருக்காது. இந்த உறை மட்டும்தான் இருக்கும்."

"ஆமா."

"அப்ப இவ்வளவு குளிரு, இவ்வளவு இருட்டு, இத்தனை பூட்டு, எல்லாம் வெச்சுக்கிட்டு, இதை மட்டும் கண்ணு முன்னாடியே உதிர விடறதா? தைக்கத் தெரிஞ்ச கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கா நான் வந்தேன்? சட்டையைக் காப்பாத்தத்தானே நாம இருக்கோம்?"

நபாத் சட்டையின்மேல் காகிதத்தைப் போர்த்தினாள். ஓரத்தில் மட்டும் அழுத்தாமல் கொஞ்சம் தூக்கினாற்போல விட்டாள்.

"அந்தம்மா காப்பாத்தச் சொன்னது சட்டையை இல்லையே, டாக்டர்."